விண்கலத்தின் கடைசிக் கதவு

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டில் கேபிள் இல்லை. விண்வெளிப் போர் பற்றிய அந்த ஆங்கிலத் தொடரை வாரம் தவறாமல் எதிர்வீட்டு வசந்தியோடுதான் பார்ப்பேன். நான் மட்டும் அவளைச் 'சில்லு' என்று கூப்பிடுவேன். மனதில் இருந்ததைச் சொல்வதற்குள் அவள் அப்பாவுக்கு மாற்றலாகி, குடும்பமே வடக்கே போய்விட்டது.

பிறகு அந்தத் தொடரை வைத்து ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு எழுதினேன். படமே கிடையாது. கதையைப் படித்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று டைப் செய்ய வேண்டும். விண்கலத்தின் கடைசிக் கதவு 'சில்லு' என்று அடித்தால்தான் திறக்கும். தொடரின் ரசிகர்கள் கூடும் இணையதளத்தில் அதை வெளியிட்டேன். அவளும் அங்கே வருவாள் என்று ஒரு நப்பாசை.

விளையாடியவர்கள் திட்டி மெயில் அனுப்பினார்கள். எல்லோரையும் 'குரு' என்றே கூப்பிடும் பிரௌசிங் சென்டர் கன்னடப் பையன் மஞ்சுவும் கேட்டான்.

"ஏன் குரு, அந்தக் கதவு தொறக்கவே மாட்டேங்குது. ஆன்சர சொல்லிடேன்."

நான் சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்துப் பெயர் போடாத ஒரு மெயில் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

"கதவு தொறந்துச்சு. உள்ள ஏன் ஒண்ணுமே எழுதல?"

அவள் வருவாளா என்று மட்டுமே யோசித்திருக்கிறேன். வந்தால் என்ன சொல்வதென்று யோசிக்கவே இல்லை. அந்த மெயிலுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.