மாமா கற்றுக்கொடுத்த வலிப்பு

எனக்கு நடிப்பு வரும் என்று முதலில் கண்டுபிடித்தவர் என் மாமாதான். சினிமாப் பாட்டுக்கு ஆடுகிற நடிப்பு இல்லை. வலிப்பு வந்து விழுகிற நடிப்பு. அப்போது நான் நான்காம் வகுப்பு.

அந்த வருடம் எங்கள் குப்பத்திலிருந்து அம்மாவைச் சுகாதார வேலைக்குப் பயிற்சி எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். பத்தாவது வரை படித்தவள் என்பது ஒரு காரணம். யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கூப்பிடாமலே போய் நிற்பவள் என்பது இன்னொரு காரணம். ஆரம்பாக்கத்துக்குப் பஸ் ஏறிப் போய் நாள் முழுக்க உட்கார்ந்து கேட்பாள். சாயங்காலம் வந்து கேட்டதையெல்லாம் எங்கள் மேல் செய்து பார்ப்பாள். வயிற்றுப்போக்குப் பாடம் நடந்தபோது உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடித்துக் குடித்து, ஒரு நோயும் இல்லாமலே நான் துவண்டுபோனேன். தீக்காயப் பாடத்தன்று நைனா சொல்லாமல் கொள்ளாமல் ஏரிக்குக் கிளம்பிவிட்டார். அடுத்து வந்த பாடம் வலிப்பு. அதற்கு ஆள் வேண்டும் என்று அம்மா கேட்டு முடிப்பதற்குள் நான் தரையில் விழுந்து கையைக் காலை உதைத்துக்கொண்டிருந்தேன்.

"இது அடம் புடிக்கற மாதிரி இருக்குது," என்றாள் அம்மா.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உண்மையான வலிப்பு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டே தீருவது என்று கிளம்பினேன். காக்கா வலிப்பு என்கிறார்களே என்று இரண்டு நாள் மீன் காயப்போட்ட இடத்தில் காக்கைகளுக்குப் பின்னால் அலைந்தேன். ஒன்றுகூட விழவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் கேட்டதற்கு, விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சு பேசுகிறாய் என்று தலையில் ஒரு குட்டு கிடைத்தது. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை கட்டலாம் என்று முறை வைத்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பேர். முறை வருகிற அன்று படகில் போய் நிற்கிறவனுக்குத்தான் பங்கு. கழுத்தளவு தண்ணீரில் இறங்கிக் கம்பு ஊன்ற வேண்டும். வலிப்பு உள்ளவன் என்று தெரிந்துவிட்டால் அவனை யாரும் படகில் ஏற்ற மாட்டார்கள். அப்படி ஒருவரை நிறுத்திவிட, அவர் குப்பத்தையே விட்டு மீஞ்சூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். அவர் பேரைச் சொல்லும்போதுகூடப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள்.

கடைசியில் மாமாவிடம் போனேன். அம்மாவுக்கு ஒரே தம்பி, எங்கள் வீட்டிலேயே இருந்தவர். இன்னும் இரண்டு பேரோடு கூட்டாக ஒரு படகு வைத்திருந்தார். சுண்ணாம்புக்குளத்தில் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். அதனால் வலை பின்னிக்கொண்டிருக்கும்போதே சில நேரம் நூல் நழுவி விழுந்தது தெரியாமல் விரல்களை மட்டும் ஆட்டிக்கொண்டு எங்கோ பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். பெண் வீட்டு நினைப்பு என்று நைனா கிண்டல் செய்வார். நாங்களும் சிரிப்போம்.

நான் விழுந்து காட்டியதை மாமா சிரிக்காமல் முழுசாகப் பார்த்தார்.

"மொதல்ல விழக்கூடாது," என்றார். "மொதல்ல நாத்தம் வரும்."

"இன்னா நாத்தம்?"

"ரப்பர் எரியற நாத்தம். பக்கத்துல இருக்கறவனுக்கு வராது. உனக்கு மட்டும்தான்."

வராத நாற்றத்தை எப்படி நடிப்பது என்று கேட்டேன். எங்கிருந்து வருகிறது என்று தேடுகிற மாதிரி முகத்தைத் தூக்கி வலது பக்கம் திருப்பு என்றார். பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நூல் முறுக்குகிற மாதிரி உரச வேண்டும். வாய் எதையோ மெல்ல வேண்டும். யார் கூப்பிட்டாலும் காதில் விழக் கூடாது. அப்புறம்தான் உடம்பு விறைத்துக்கொண்டு விழுவது. எழுந்ததும் சட்டென்று பேசிவிடக் கூடாது. சுற்றி நிற்கிறவர்கள் யார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆகும், புரிந்ததும் வெட்கம் பிடுங்கும் என்றார். உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ரொம்பக் கிட்டத்துல பாத்துருக்கேன்," என்றார் மாமா.

அன்றிலிருந்து சாயங்காலம் தோறும் ஒத்திகை. அம்மா வருவதற்கு முன்பே முடித்துவிடுவோம். எல்லோர் முன்னாலும் திடீரென்று செய்து காட்டி அசத்த வேண்டும் என்பது என் திட்டம். மாமா அதற்கு வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

பயிற்சி கொடுத்த சிஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குப்பத்துக்கே வந்தார். வலைக் கொட்டகையில் கூட்டம். ஏரியிலிருந்து வந்த அசதி என்று சொல்லி மாமா வீட்டிலேயே படுத்துவிட்டார். நான் நடுவில் போய் நின்று முகத்தைத் தூக்கினேன். வலது பக்கம் திருப்பினேன். விரல்களை உரசினேன், மென்றேன், விழுந்தேன்.

அவ்வளவு நன்றாக விழுந்திருக்க வேண்டாமோ என்று ஒரு நிமிடத்தில் தோன்றிவிட்டது. வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்பது எல்லா ஊரிலும் இருக்கிற பழக்கம். மற்ற ஊர்களில் சாவிக்கொத்தைக் கொடுப்பார்கள். எங்கள் குப்பத்தில் பாதி வீட்டுக்குப் பூட்டே கிடையாது, இரும்பு என்றால் நங்கூரம்தான். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஐயோ பிள்ளைக்கு நிஜமாகவே வந்துவிட்டது என்று ஓடி, ஓரமாகக் கிடந்த நாலு கொக்கி நங்கூரத்தைத் தூக்கி வந்து என் கை மேல் வைத்து அழுத்திவிட்டாள். வலி உயிர் போயிற்று. ஆனாலும் நான் கண்ணைத் திறக்கவில்லை. கலைஞர்களுக்கு இதெல்லாம் உண்டு என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இந்த இடத்தில்தான் அம்மா வந்து இரும்பெல்லாம் வேண்டாம் என்று நங்கூரத்தை எடுத்திருக்க வேண்டும். என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் துணியை மடித்து வைத்து, வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அமுக்கிப் பிடிக்காதீர்கள், எவ்வளவு நேரம் இழுக்கிறது என்று மட்டும் கடிகாரத்தைப் பாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் அத்தனை தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். அன்று அவள் வரவே இல்லை. அரைக்கண்ணால் பார்த்தேன். என் விரல்களையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். சிஸ்டர்தான் வந்து நங்கூரத்தை எடுத்தார்.

எல்லாம் முடிந்ததும் சிஸ்டர் என்னைத் தட்டிக்கொடுத்தார். சில பேருக்கு விழுவதற்கு முன்னால் இப்படித்தான் அறிகுறி வரும், இவ்வளவு விவரமாக நான்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லையே, யார் சொன்னது என்று கேட்டார். மாமாவின் இரண்டு கூட்டாளிகளும் முன்வரிசையில் இருந்தார்கள். நான் பெருமையாக வாயைத் திறந்தேன்.

"நான்தான் சிஸ்டர்," என்றாள் அம்மா. "நான்தான் சொல்லிக்குடுத்தேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்தவர் உழைப்பை இப்படிப் பட்டப்பகலில் திருடுகிறவளா என் அம்மா? வீட்டுக்கு ஓடி மாமாவை எழுப்பி முறையிட்டேன். அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"அக்கா அப்டியா சொல்லிச்சு?" என்று இரண்டு முறை கேட்டார். அதற்குள் அம்மா வந்துவிட்டாள். வந்ததும் என்னைச் சீரகம் வாங்கிவர அனுப்பினாள். வாங்கிக்கொண்டு வந்தபோது இருவருக்கும் கண் சிவந்திருந்தது. சீரகத்தை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் இருவரும் துணி எடுக்க என்று வெளியூர் போய்த் துணி எடுக்காமல் திரும்பினார்கள். அதிலிருந்து அம்மா தினமும் வேளை தவறாமல் மாமாவுக்கு மாத்திரை கொடுத்தாள். சத்து மாத்திரை என்றாள். எனக்கும் வேண்டும் என்று கேட்டு அடி வாங்கினேன். இன்னொரு புதுப் பழக்கமும் அவளுக்கு வந்தது. மாமாவின் படகு திரும்புகிற நேரத்துக்குக் கரையில் போய் நிற்பாள். படகு கண்ணில் படுகிற வரைக்கும் யாரோடும் பேச மாட்டாள்.

சில நாள் இருவரும் தணிந்த குரலில் சண்டை போடுவது கேட்கும். "அவங்க கிட்ட சொல்லிடுடா. தண்ணில விழுந்தா தூக்கவாவது தெரியணும் இல்ல?" என்பாள் அம்மா. "சொன்னா ஏத்த மாட்டாங்க அக்கா," என்பார் மாமா. எனக்கு வலிப்பு சொல்லிக்கொடுத்தது யார் என்ற வழக்குதான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு மனசாட்சி உறுத்த ஆரம்பித்துவிட்டதில் எனக்குத் திருப்தி.

சில வாரம் கழித்து சிஸ்டர் மறுபடி வந்தார். நங்கூரக் கதை பரவியிருந்ததால் கொட்டகை நிரம்பி வழிந்தது. இந்த முறை மாமாவும் வந்து கடைசியில் நின்றுகொண்டார். நான் விழுந்தேன். அம்மா ஒன்றையும் மறக்காமல் செய்தாள், சொன்னாள். மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது என்றாள். பேய் இல்லை, சாபம் இல்லை, ஒட்டிக்கொள்கிற நோயும் இல்லை என்றாள். கடைசியாகச் சொல்ல வேண்டியது ஒன்றுதான் பாக்கி: இதை மறைக்கக் கூடாது. அந்த இடத்தில் அவளுக்குக் குரல் வரவில்லை. மறதி என்று நினைத்து, கீழே படுத்தபடியே நான் மெதுவாக எடுத்துக்கொடுத்தேன். அப்போதும் வரவில்லை.

பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது.

"பாப்பாக்கு இதெல்லாம் சொல்லிக்குடுத்தது நான்தான். எனக்கு இருக்குது. ரெண்டு வருசமா இருக்குது."

முன்வரிசையில் இருந்த இரண்டு கூட்டாளிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எழுந்து, மாமா பக்கம் திரும்பாமல் வெளியே போனார்கள். நான் வலிப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்து கை தட்டினேன். எனக்கு அத்தனை சந்தோஷம். வேறு யாரும் தட்டவில்லை. அம்மா என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் எங்கள் பாடு. பள்ளிக்கூடம் போகிற வழியில் பார்த்தேன், படகு மாமா இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. மாமா கரையில் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று அவ்வளவு நன்றாகப் பேசியதற்காக அவருக்கு லீவு கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, கை ஆட்டிவிட்டுப் போனேன்.