ஏழு தலைமுறையின் பெயரைச் சொன்னவள்

உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் கொதிகலனை, உங்களைக் கேட்காமல் வேறொருவர் அணைத்துவிட முடியுமா?

முடியாது, அது நான் வாங்கிய பொருள் என்பீர்கள். அத்-பாஷி என்ற மலையூரில் ஆடு மேய்க்கும் கொஜோமுராத்தும் ஜனவரி இருபத்து மூன்றாம் தேதி காலை பத்து மணி வரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். பத்து மணிக்குக் கொதிகலனின் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. திரையில் ஒரு வரி ஓடியது: "அனுமதியில்லாத பாகம். சேவை மையத்தை அணுகவும்." வெளியே மைனஸ் இருபத்தொன்பது. உள்ளே, பிறந்து பன்னிரண்டு நாளான பேரன்.

கிழவர் சேவை மையத்தை அணுகினார். ஒன்பது நாளில் ஆள் வருவார் என்றார்கள். குழாய்த் தண்ணீர் உறைந்து வெடிக்க ஒன்பது மணி நேரம்கூட வேண்டாம்.

அந்தக் கதையோடு பின்னிக்கொண்ட இன்னொரு பெயர் ஜிபார். வயது நாற்பத்து மூன்று. நாரின் சந்தையின் மூன்றாம் வரிசையில், பழைய இரும்புச் சரக்குப்பெட்டி ஒன்றில் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவள். தந்தை வானொலிக் கோபுரத்தில் வேலை பார்த்தவர். மகள் தலைநகர் பிஷ்கெக்கில் மின்னணுப் படிப்பு முடித்துவிட்டு ஊர் திரும்பி, 'ஜிலு' என்ற கொதிகலன் கம்பெனியின் சேவை மையத்தில் ஆறு வருடம் வேலை செய்தாள். ஆறாவது வருடம்தான் அவளுக்கு ஒன்று புரிந்தது. கொதிகலனைப் பூட்டும் அந்தப் பூட்டு அழுத்தத்தைப் பார்ப்பதில்லை, சூட்டைப் பார்ப்பதில்லை. பாகத்தின் மேல் பொறித்த எண்ணை மட்டும் பார்க்கிறது. கம்பெனி எண்ணாக இருந்தால் எரி. இல்லையென்றால், கம்பெனி நினைக்கும் நாளில் நில். பாதுகாப்புக்காக என்று வாடிக்கையாளரிடம் சொல்லச் சொன்னார்கள். நான்கு மாதம் சொன்னாள். ஐந்தாவது மாதம் நாக்கு வரவில்லை. வேலையை விட்டாள்.

விட்டு வந்து அவள் தொடங்கியதுதான் 'அஷார்' என்ற இணையக் குழு. ஒருவன் வீடு கட்டினால் ஊரே கூலியில்லாமல் வந்து மண் மிதிப்பதற்கு நம் ஊரில் இருக்கும் பெயர். குழுவில் நாலாயிரம் பேர். தினமும் வாக்குவாதம்தான். "போன்லயே சூட்டைக் கூட்டிக் கொறைக்கறது சுகமாத்தானே இருக்கு? அந்தச் சுகத்துக்குக் கட்டுற வாடகைன்னு நெனச்சுக்கோங்க" என்று ஒருவர் எழுதுவார். "என் மாட்டுக்கும்தான் காதுல நம்பர் இருக்கு. அதுக்காக நகரத்துல உக்காந்துக்கிட்டு எவனாச்சும் என் மாட்டை நிக்க வைக்க முடியுமா?" என்று இன்னொருவர் பதில் போடுவார். இந்தச் சண்டைகளுக்கு நடுவே 'திருப்புளி' என்ற புனைபெயரில் ஒருவர் வழிமுறைகளை எழுதிப் போடுவார். எந்த மூடியைக் கழற்றவேண்டும், கம்பெனியோடு பேசும் சிறு அட்டையை எப்படி உருவவேண்டும், எந்த இரண்டு பொத்தான்களை எத்தனை நொடி அழுத்தவேண்டும், எந்த வால்வைச் செத்தாலும் தொடக்கூடாது. எல்லாம் வரிசையாக, குழந்தைக்கும் புரிவதுபோல இருக்கும்.

திருப்புளி யார் என்பது ஜிபாருக்கும் அவள் கணவன் எசெனுக்கும் மட்டும்தான் தெரியும்.

வேலையை விட்டபோது, உள்விஷயம் எதையும் வெளியே சொல்வதில்லை என்று அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். அதனால் வழிமுறையோடு போடும் வீடியோவில் குரல் வராது. வலது கட்டைவிரலில் இருக்கும் தீக்காயத் தழும்பு தெரியாமலிருக்கக் கையுறை போட்டுக்கொள்வாள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், மணி நிற்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கடைக்கு எதிரே ஒரு கார் கொஞ்ச நேரம் அதிகமாக நின்றால் பற்றவைக்கும் கம்பியைக் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவாள்.

ஜனவரி இருபத்து மூன்று காலை பத்து மணிக்குக் குழு அலறத் தொடங்கியது. கொச்கோரில் ஒரு வீடு, நாரினில் பதினேழு வீடு, அத்-பாஷியில் ஒரு தெரு முழுக்க. வெளிக்கடையில் வாங்கிய பாகம் போட்ட கொதிகலன்கள் எல்லாம் ஒரே நிமிடத்தில் நின்றுவிட்டன. பகல் முடிவதற்குள் இருநூறைத் தாண்டியது. ஜிபார் வழிமுறையை மறுபடியும் எழுதிக் குழுவின் உச்சியில் குத்தி வைத்தாள். பெரும்பாலோர் தாங்களே சரி செய்துகொண்டார்கள். கொஜோமுராத்தின் மருமகள் குல்பாராவால் மட்டும் முடியவில்லை. "ஒரு கையில பிள்ளை இருக்கு. மாமனாருக்கு எழுத்தே தெரியல, கண்ணு மங்கல். யாராச்சும் வர முடியுமா?" என்று எழுதியிருந்தாள்.

எந்த வீட்டுக்கும் நேரில் போவதில்லை என்ற தன் விதியை ஜிபார் தானே மீறினாள். எசென் வேன் ஓட்டுகிறவன். அவன் வேனிலேயே அத்-பாஷிக்குக் கிளம்பினார்கள். கணவாய் தாண்டியதும் அவன் ஆரம்பித்தான்.

"நாலாயிரம் பேர் இருக்கானுங்க. அதுல ஒருத்தனுக்குக்கூடவா கை இல்ல? நீதான் போகணுமா?"

"பன்னெண்டு நாள் பிள்ளைடா."

"பேரு கேட்டா என்ன சொல்லுவ?"

"நாஸ்கீரா."

"மூஞ்சியப் பார்த்தா நாஸ்கீரா மாதிரியா இருக்கு? திருடப் போற மாதிரி இருக்கு. கொஞ்சம் சிரி."

அவள் சிரித்துப் பார்த்தாள். "வேணாம், முன்ன இருந்ததே தேவலாம்" என்றான்.

வேலை இருபது நிமிடத்தில் முடிந்தது. பச்சை விளக்கு எரிந்து, குழாய்க்குள் தண்ணீர் முனகிக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டதும் குல்பாரா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜிபார் புறப்பட்டாள். ரொட்டி கிள்ளி வாயில் போடாமல் யாரையும் வாசல் தாண்ட விடமாட்டார்கள். கிள்ளினாள். கிழவர் விடவில்லை. எழுந்து, இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தினார். வாழ்த்துச் சொல்லப் போகிறார்.

"யாரு பொண்ணும்மா நீ?"

"என் பேரு நாஸ்கீரா, ஐயா."

"பேரு இருக்கட்டும். பேரு ஊர்ல பத்துப் பேருக்கு இருக்கும். யாரோட பிள்ளை? ஏழு தலைமுறையச் சொல்லு. வாழ்த்து போய்ச் சேர வீடு தெரிய வேணாமா?"

பெயரை மாற்றிச் சொல்லலாம். ஊரை மாற்றிச் சொல்லலாம். ஏந்திய கைகளுக்கு முன்னால் முன்னோரை மாற்றிச் சொல்ல நம்மில் எவருக்கும் வாய் வராது. பகுத்தறிந்து பார்த்தால் அது ஏழு செத்த மனிதர்களின் பெயர்கள், அவ்வளவுதான். மின்னணு படித்தவளுக்கு அது தெரியும். தெரிந்தும், எசென் வாசலில் இருமியதைக் கேட்டும், அவள் வாய் தானாக ஓடியது. "சத்தார் மக. சத்தாரோட அப்பா அப்தில்தா. அப்தில்தாவுக்குக் குருமான், குருமானுக்கு பெர்திகே, பெர்திகேவுக்கு மொல்தோ, மொல்தோவுக்கு சாரிபாய், சாரிபாய்க்கு எசெங்குல்."

"வானொலிக் கோபுரத்து சத்தாரா! அப்போ நீ ஜிபார்தானே? அவனுக்கு ஒரே பொண்ணு. நாஸ்கீரா எப்போ பொறந்தா?" என்று கிழவர் சிரித்தார். பிறகு கண்ணை மூடி, பெயரோடும் ஏழு பெயர்களோடும் சேர்த்து நீளமாக வாழ்த்தினார். வாழ்த்து முடிந்ததும் வழக்கப்படி எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள்.

ஜிபாரின் கையுறை திருப்புளியின் வீடியோவில் பார்த்தது என்று கண்டுகொண்ட குல்பாரா, ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். வேன் கணவாய் ஏறுவதற்குள் குழுவில் போட்டுவிட்டாள். "எங்கள் வீட்டைக் காப்பாற்றிய திருப்புளி அக்காவுக்கு எல்லோரும் வாழ்த்துச் சொல்லுங்கள்."

நன்றியில் செய்தது. அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கணவாயில் சிக்னல் இல்லை. ஊருக்குள் நுழைந்ததும் ஜிபாரின் கைபேசி துடிக்கத் தொடங்கியது. அழிக்கச் சொல்லி எழுதினாள். குல்பாரா உடனே அழித்துவிட்டு அழுதாள். அதற்குள் இரண்டாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். விடிவதற்குள் குழுவிலிருந்து அறுநூறு பேர் சத்தமில்லாமல் வெளியேறினார்கள். நன்றி சொல்லி எழுதியவர்கள் அந்த வரிகளைத் தேடித் தேடி அழித்தார்கள். ஒரு பெண் தனியாகக் கேட்டாள்: "அக்கா, என் பேரை எங்கயாச்சும் எழுதி வெச்சிருக்கீங்களா?"

மறுநாள் காலை கடைக்கு ஸமிர்பெக் வந்தான். முன்பு பக்கத்து மேசையில் வேலை செய்தவன். இப்போது கம்பெனியின் வட்டார மேலாளர். பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"என்ன அக்கா, கையுறை எல்லாம் மாட்டிக்கிட்டு வீடியோ எடுத்தீங்க. கடைசியில ஏழு பாட்டனையும் கூட்டிவந்து சாட்சி சொல்ல வெச்சிட்டீங்களே."

"டீ குடிக்கிறியா?"

"குடுங்க. வெறைக்குது."

"உன் வீட்டுக் கொதிகலன் நிக்கலயா?"

"நான் நிலக்கரி அடுப்பு வெச்சிருக்கேன்" என்றான். சொன்ன பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கோப்பையால் வாயை மறைத்துக்கொண்டான்.

சிரிப்பு அடங்கியதும் ஒரு தாளை மேசைமேல் வைத்தான். வியாழக்கிழமை நண்பகலுக்குள் வழிமுறைகள் எல்லாவற்றையும் அழிக்கவேண்டும். நான் சொன்னது ஆபத்தானது, யாரும் செய்யாதீர்கள் என்று முகம் காட்டி ஒரு வீடியோ போடவேண்டும். இல்லையென்றால், ரகசியத்தை வெளியிட்டதற்கும் கம்பெனியின் கருவிக்குள் அத்துமீறிப் புகுந்ததற்கும் வழக்கு.

"கம்பெனியோட கருவியா? காசு குடுத்து வாங்கினது கிழவர்டா."

"பெட்டி அவரோடது அக்கா. உள்ள இருக்கிற புத்தி எங்களோடது. ஒப்பந்தத்துல பதினோராவது பக்கம் பாருங்க."

"புத்தி உங்களோடது. வெடிச்ச குழாய் யாரோடது?"

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். எழுந்து, குரலைத் தாழ்த்தினான். "நான் நல்லவன்னு சொல்ல வரல. உங்க நல்லதுக்குச் சொல்றேன். இவங்க உங்கள விடமாட்டாங்க. எசென் அண்ணன் வேனுக்குப் போன மாசம்தான் உரிமம் புதுப்பிச்சாரு, இல்ல?"

அதை அவன் எப்படித் தெரிந்துகொண்டான்? அந்தக் கேள்விதான் அவளை அடுத்த மூன்று நாளும் தின்றது.

"அழிச்சிடு" என்றான் எசென். "படிச்சவங்க படிச்சாச்சு. சரி பண்ணவங்க பண்ணியாச்சு. அழிச்சிட்டுத் தூங்கு."

"புதுசா நிக்கறவங்க?"

"அவங்களுக்கு நீ என்ன அம்மாவா?"

கோபத்தில் சொன்னதுதான். சொல்லிவிட்டு, வேன் உரிமத்தை எடுத்து மறுபடியும் படித்துப் பார்த்தான்.

வியாழன். பதினொன்று நாற்பது. ஜிபார் கடைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு கைபேசியைப் பிடித்திருந்தாள். 'அனைத்தையும் அழி' என்ற எழுத்தின் மேல் கட்டைவிரல் நின்றது. ஒரு அழுத்தம் போதும். வழக்கில்லை, வேன் தப்பும், மூன்று நாளாக எதிரே நிற்கும் கார் போய்விடும். அப்போது கொச்கோரிலிருந்து ஒரு ஆள், பெயரில்லாமல், ஒரே வரி எழுதினான்: "சிவப்பு விளக்கு. வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா. வழிமுறை இருக்கிறதா, எடுத்துவிட்டார்களா?"

அவள் "இருக்கிறது" என்று எழுதினாள். பிறகு வழிமுறையின் அடியில் திருப்புளி என்ற பெயரை எடுத்துவிட்டு, ஜிபார், சத்தார் மகள் என்று போட்டாள். போட்டுவிட்டு, மூலையிலிருந்த வாளியில் வாந்தி எடுத்தாள். அவளை வீராங்கனை என்று எழுதினால் அது பொய். பயந்து நடுங்கும் ஒரு பெண்ணுக்கு, பயத்தைவிட ஒரு மயிரிழை அதிகமாக, அந்தச் சிவப்பு விளக்கு கண்ணில் பட்டது. நடந்தது அவ்வளவே.

மறுநாள் அதிகாரிகள் வந்து கடைக் கதவுக்குச் சீல் வைத்தார்கள். எசெனின் உரிமம் 'மறுபரிசீலனையில்' இருக்கிறது. விசாரணை பிப்ரவரி பதினெட்டு, நாரின் மாவட்ட நீதிமன்றம். கம்பெனி வக்கீல் எழுதிக் கொடுத்திருப்பது இது: எங்கள் கம்பெனி எந்தக் கொதிகலனையும் தூரத்திலிருந்து நிறுத்தவே இல்லை, மட்டமான பாகங்களால் அவை தாமாக நின்றன.

இருநூறு வீடுகளில் இருநூறு கொதிகலன்கள், ஒரே நிமிடத்தில், தாமாக நின்றனவாம்! பள்ளிக் கணக்குப் படித்த எவரும் சிரிக்கவேண்டிய வாக்கியம் அது. ஆனால் நீதிமன்றத்தில் யாரும் சிரிக்கப்போவதில்லை. ஏனென்றால், எங்கள் வீட்டில் இத்தனை மணிக்கு நின்றது என்று இதுவரை எழுதிக் கொடுத்தவர்கள் இரண்டே பேர்: மங்கல் கண்ணோடு கைநாட்டு வைத்த கொஜோமுராத்தும் குல்பாராவும். மற்றவர்களை ஜிபாரே வீடு வீடாகப் போய்க் கேட்டாள். கதவைப் பாதி திறந்து, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "எழுதிக் குடுத்தா எங்க வீட்டையும் மறுபடி நிறுத்திட்டா என்ன பண்றது அக்கா?" என்றார்கள். அவள் அடுத்த வீட்டுக்கு நடந்தாள். அந்தப் பயம் நியாயமானது. அந்தப் பயத்தை நம்பித்தான் கம்பெனி வழக்கே போட்டிருக்கிறது.

ஜனவரி இருபத்து மூன்று காலை பத்து மணிக்கு உங்கள் வீட்டிலும் சிவப்பு விளக்கு எரிந்ததா? ஒரு தாள் எடுங்கள். எந்த ஊர், எந்தத் தெரு, எத்தனை மணிக்கு நின்றது, வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். அடியில் உங்கள் சொந்தப் பெயரைப் போடுங்கள். பிப்ரவரி பதினெட்டாம் தேதிக்குள் நாரின் மாவட்ட நீதிமன்றத்தில் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.