எர்த்துக் குழிக்குத் தண்ணீர் ஊற்றியவள்

1957 ஜூலை 1: எழுபத்தைந்து நயா பைசா.
1960 ஜூலை 1: எண்பத்தேழு நயா பைசா.
1963 ஜூலை 1: ஒரு ரூபாய்.
1965 ஜூலை 1: ஒரு ரூபாய் பன்னிரண்டு பைசா.
1966 மே 9: இல்லை.

இவை அங்காளம்மாளின் நாள் கூலி. திண்டுக்கல்லில் நான் கணக்கு எழுதிய தனியார் ஆஸ்பத்திரியில் அவள் ஒன்பது வருஷம் வேலை பார்த்தாள். சம்பளப் பட்டியலில் அவள் பெயர் ஒரு மாதமும் ஏறியதில்லை. அவள் கூலி சில்லறைச் செலவில், ‘தோட்டத்துக்குத் தண்ணீர்’ என்ற தலைப்பில் எழுதப்படும். ஆஸ்பத்திரியில் தோட்டமே கிடையாது.

அவள் வேலைக்கு வந்த 1957இல்தான் ஆபரேஷன் அறைக்குக் கத்தி, கத்தரி ஆயுதங்களை அவிக்கிற மின்சாரப் பெட்டி வந்தது. தகரப் பெட்டி, தண்ணீருக்கு அடியில் சூடாகும் கம்பி. இணைப்புக் கொடுத்தவர் வயர்மேன் ரஹ்மத்துல்லா. அறைக்குப் பின்னால் ஆள் ஆழத்துக்கு எர்த்துக் குழி தோண்டி, நடுவில் இரும்புக் குழாயை நட்டு, கரியும் உப்பும் மாற்றி மாற்றி அடைத்தார். சுற்றிலும் நாலு கல் வைத்தார். பெட்டியிலிருந்து ஒரு கம்பி அந்தக் குழாய்க்கு வந்தது.

“காலையில ரெண்டு குடம், சாயங்காலம் ஒரு குடம் ஊத்தணும் தங்கச்சி. மழை பேஞ்சாத்தான் உனக்கு லீவு” என்றார் அங்காளம்மாளிடம்.

“எதுக்கு பாய், குழாய் துளிர் விடுமா?”

“துளிர் விடாது. கம்பியில ஓடுற கரண்டு என்னைக்காச்சும் கசிஞ்சு தகரத்துக்கு வந்திரும். அது ஓடுறதுக்கு இதுதான் வழி. மண்ணு ஈரமா இருந்தா கடகடன்னு இறங்கி ஓடும். ஓடுற ஓட்டத்துல ஃபியூஸ் கருகி, பெட்டி செத்துப்போகும். மண்ணு காஞ்சா வழி அடைச்சிரும். அப்புறம் பெட்டியத் தொட்டவங்க உடம்புதான் வழி.”

அங்காளம்மாள் வடமதுரைப் பக்கத்துக்காரி. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அக்காள் வீட்டு அடுப்படியில் படுத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியின் பின்கட்டில் நிரந்தர வேலையாட்களுக்கு ஆறு அறைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு, ஒரு பூட்டு. அதில் ஒன்று வேண்டும் என்பதற்காகத்தான் அவள் குடம் சுமந்தாள். நிர்வாகி பாக்கியராஜும், “ஒழுங்கா இரு, பாக்கலாம்” என்று வருஷா வருஷம் சொல்லி வந்தார்.

நோயாளிகளின் சொந்தக்காரர்கள் அந்தக் குழிக்கு எதிரே வேப்பமர நிழலில்தான் காத்திருப்பார்கள். ஒரு பொம்பளை தினமும் குழாய்க்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்து ஒருவர், “இது என்ன சாமி ஆத்தா?” என்று கேட்டார்.

“ம், கடிக்கிற சாமி. கிட்டப் போகாதீக” என்றாள் அங்காளம்மாள்.

அவர் அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளவில்லை. மனைவி ஆபரேஷன் மேஜையில் கிடந்தாள். அவர் கடைக்குப் போய் உப்பும் மிளகும் வாங்கி வந்து குழியில் போட்டு வேண்டிக்கொண்டார். மனைவி பிழைத்தாள். அதற்கப்புறம் அந்த உப்பு நிற்கவில்லை. இந்துக்களும் போட்டார்கள், கிறிஸ்தவர்களும் போட்டார்கள். குழாய்க்கு மஞ்சளும் குங்குமமும் ஏறின. கிடந்த வாழைப்பழத்தை அங்காளம்மாள் தின்பாள். காசு கிடந்தால் பொறுக்கி, நர்ஸ் சகாயராணியிடம் பிள்ளைகள் வார்டுப் பாலுக்குக் கொடுத்துவிடுவாள்.

ரஹ்மத்துல்லா அதைப் பார்த்துச் சிரித்தார். “வருசத்துக்கு ஒருக்கா உப்புப் போடுங்கன்னு நாயாக் கத்துனேன், ஒருத்தனும் போடல. இப்பப் பாரு, தினமும் விழுகுது.”

1965இல் மழை பொய்த்தது. ஆஸ்பத்திரிக் கிணறு அடிமண் தெரிய வற்றியது. மறு வருஷம் மார்ச்சில் போர்டு உறுப்பினர்கள் பார்வையிட வந்தபோது குங்குமக் குழாயும் உப்புக் குவியலும் அவர்கள் கண்ணில் பட்டன. பாக்கியராஜுக்கு முகம் சுண்டிப் போயிற்று.

“ஆஸ்பத்திரிக்குள்ள கோயிலா?” என்று அங்காளம்மாளைக் கேட்டார்.

“கோயில் இல்லய்யா, எர்த்து.”

“பொட்டு வச்ச எர்த்தா? குடிக்கத் தண்ணி இல்ல, குழிக்கு மூணு குடம்.”

மறுநாளே குழியின் மேல் சிமெண்டுப் பலகை போட்டுப் பூசினார்கள். ரஹ்மத்துல்லா அப்போது கொடைரோட்டில் ஒரு மில் வேலையில் இருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

“அப்பத் தண்ணி வேணாமாய்யா?” என்றாள் அவள்.

“வேணாம். ஏப்ரல்ல இருந்து ஆபரேஷன் தியேட்டர்ல ஆயுதம் அவிக்கிற வேலை பாரு. ஜூன்ல போர்டு கூடும்போது உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்றேன்.”

அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. அன்று சகாயராணியிடம், “பூட்டு என்ன விலைம்மா இருக்கும்?” என்று விசாரித்தாள்.

முன்பெல்லாம் அந்தப் பெட்டி மாதம் இரண்டு தடவையாவது ஃபியூஸைக் கருக்கிவிடும். ஏப்ரலில் ஒரு தடவைகூடக் கருகவில்லை. “சாமிக்குத் தண்ணி நின்னதும் பெட்டிக்குப் புத்தி வந்திருச்சு பாத்தீங்களா?” என்றார் பாக்கியராஜ். டாக்டர்களும் சிரித்தார்கள். கசிவு நிற்கவில்லை. மண் காய்ந்ததால் கரண்டு இறங்க வழியில்லாமல் பெட்டியிலேயே நின்றது. நர்ஸ்கள் மட்டும் தொட்டால் சுருக்கென்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள். தியேட்டருக்குள் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் ரப்பர் செருப்பு உண்டு. ஆயாக்கள் வெறுங்காலோடுதான் நுழைய வேண்டும். அது அங்கே வழக்கம்.

மே 8 காலையில், கழுவிவிட்ட ஈரத் தரையில் நின்று அங்காளம்மாள் பெட்டியின் மூடியைப் பிடித்தாள். பிடித்த கை விடவில்லை. பெட்டி அவள் பக்கம் சாய்ந்து, கொதிக்கிற தண்ணீர் முழங்கை வரை இறங்கியது. சகாயராணி ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள். உயிர் தங்கியது. வலது கையின் மூன்று விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டன.

ரஹ்மத்துல்லாவை வரவழைத்தார்கள். அவர் பலகையை உடைத்தார். உள்ளே கரி சுடுகாட்டுச் சாம்பல் மாதிரி உதிர்ந்தது. லாரித் தண்ணீர் வாங்கிப் பத்துக் குடம் ஊற்றினார்கள். அன்று பெட்டியைப் போட்டதும் ஃபியூஸ் கருகியது. இரவோடிரவாகப் புதுப் பெட்டிக்கு ஆர்டர் போனது.

பாக்கியராஜ் போர்டுக்கு அறிக்கை எழுதினார்: அங்காளம்மாள் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும் கூலி; தியேட்டருக்குள் அவளுக்கு வேலையே இல்லை; தானாக நுழைந்தாள்; முன்பு குழியைக் கோயிலாக்கிக் காசு சேர்த்தவளும் அவளே. சகாயராணியிடம் சாட்சி கேட்டேன். “கல்யாணத்துக்கு ரெண்டு தங்கச்சிக இருக்காளுகய்யா” என்று தலையைக் குனிந்துகொண்டாள். பால் காசைப் பற்றியும் அவள் வாய் திறக்கவில்லை.

அங்காளம்மாளுக்காக மூன்று மனு எழுதிக் கொடுத்தேன். பணம் கேட்டு எழுதுகிறேன் என்றதற்கு அவள் ஒப்பவில்லை. “இடது கையி நல்லாத்தான் இருக்கு. பழையபடி தண்ணி ஊத்துறேன், ஒரு ரூம்பு குடுக்கச் சொல்லுங்க” என்றாள். அதற்குள் குழிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் போட்டாகிவிட்டது. இம்முறை நிரந்தர ஆள். பின்கட்டில் ஆறாவது அறை அவனுக்கு.

முதல் இரண்டு மனுவுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு வந்தது. அந்தப் பெயரில் இந்த ஆஸ்பத்திரியில் எவரும் பணியாற்றியதாகப் பதிவு இல்லை என்று இரண்டு வரி. அக்காள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு கடிதத்தை இடது கையால் வாங்கி, அடுப்பில் வைத்தாள்.

அந்தக் கடிதம் வந்த நாள் 1967 பிப்ரவரி 21.