வலைக்குக் கீழே பத்தடி

நீர்ப் பரிசோதனை அலுவலகத்தில் அவளுக்குப் பாட்டிலக்கா என்று பெயர். பத்தொன்பது வருஷமாக ஓடைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வருகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அதில் கழிவுக் கிருமி எத்தனை என்று ஆய்வுக்கூடத்தில் எண்ணிச் சொல்வார்கள். ஓடைக்கரையில் ஜனங்கள் குளிக்கிற இடத்தில் ஒரு பலகை உண்டு. 'இங்கே குளிக்கலாம்' என்றோ 'கூடாது' என்றோ வாராவாரம் அதில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறவள் அவள்தான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று தன் கையெழுத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள்.

அப்புறம் வந்து சேர்ந்தாள் பூச்சிக்காரி. சின்ன வயசு, சிரித்த முகம். ஓடையில் இறங்கிக் காலால் கல்லையும் மண்ணையும் கிளறுவாள். கிளம்பி வரும் பூச்சிகளை வலையில் பிடித்து, இது மீன் வாழத் தக்க தண்ணீரா என்று சொல்லிவிடுவாள்.

"இந்த மூணு வால் பூச்சி அழுக்குத் தண்ணியில தங்காது சார். எவ்வளவு இருக்கு பாருங்க!"

அதிகாரி வெள்ளைத் தட்டின் மேல் குனிந்து வாயைப் பிளந்தார். பாட்டிலக்காவின் பாட்டிலை என்றைக்காவது இப்படிக் குனிந்து பார்த்திருப்பாரா இந்த மனுஷன்?

"ஏம்மா, அடுத்த வாரத்துலேர்ந்து பலகையில இந்தப் பொண்ணே கையெழுத்துப் போடட்டுமே. உங்களுக்கும் வேலை குறையும்" என்றார் அவளிடம்.

வேலை குறையுமாம்! யார் கேட்டார்கள்?

"ஒரு கையெழுத்துதானே, விட்டுத் தொலையேன்" என்றார் வீட்டில் கணவர்.

"உங்களுக்கென்ன! உங்க பேரை எந்தப் பலகையில போட்டிருக்காங்க?" என்று அவர் வாயை அடைத்தாள்.

மறுநாள் இருவரும் ஓடைக்குப் போனார்கள். ஓட்டத்தில் பாட்டில் எப்போதும் மேலே, வலை கீழே. மிதித்தால் அடிமண்ணில் படிந்த கிருமியெல்லாம் கிளம்பிக் கீழே வரும் என்பது பாட்டிலக்காவுக்குத் தெரியாததா? தெரிந்தேதான், பூச்சிக்காரி முதுகைக் காட்டிக்கொண்டு மிதிக்கையில், கீழே போய் நின்று கலங்கல் தண்ணீரைப் பிடித்தாள். 'இப்போ பார்க்கிறேன் உன் பவிசை' என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள். பிறகு கரையேறி, எப்போதும்போல் நோட்டைத் திறந்து எழுதினாள்.

அடுத்த நாள் முடிவு வந்தது. கிருமி எக்கச்சக்கம்.

"பூச்சி நல்ல தண்ணிங்குது, பாட்டில் சாக்கடைங்குது. இடத்தை மூடிடலாமா?" என்று அதிகாரி தலையைச் சொறிந்தார்.

பூச்சிக்காரி நோட்டை எடுத்துப் புரட்டினாள். நேற்றைய பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'எடுத்த இடம்: வலைக்குக் கீழே பத்தடி. நீர் கலங்கல்.' மனசு செய்த திருட்டைக் கை பழக்கதோஷத்தில் எழுதிவைத்திருந்தது.

பூச்சிக்காரி அவளை ஒரு பார்வை பார்த்தாள். நோட்டை மூடினாள்.

"தப்பு என்னோடது சார். அக்கா நிக்கிறது தெரியாம மேல போய் மிதிச்சுட்டேன். இன்னொரு தடவை எடுத்துடலாம்."

"அடடா, தானா ஒத்துக்கிறே பாரு! இந்த நல்ல மனசு யாருக்கும்மா வரும்?" என்று உருகினார் அதிகாரி.

பூச்சியும் அவளுக்கு, பாராட்டும் அவளுக்கு, நாளைக்குப் பலகையும் அவளுக்கு. போதாக்குறைக்கு நல்ல மனசும் அவளுக்கேவா? பாட்டிலக்காவால் தாங்க முடியவில்லை.

"பொய் சொல்றா சார்! அவ ஒழுங்கா நின்னுதான் மிதிச்சா. நான்தான் வேணும்னே கீழ போய் நின்னேன். நோட்டைப் பாருங்க!"

மறுமுறை எடுத்த தண்ணீர் சுத்தமாக இருந்தது. அந்த வாரம் பலகையில் 'இங்கே குளிக்கலாம்' என்பதன் கீழே புதுக் கையெழுத்து, குண்டு குண்டாக. பாட்டிலக்கா அதையே முறைத்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் சமாளிச்சுட்டேனே. ஏங்க்கா சொன்னீங்க?" என்றாள் பக்கத்தில் வந்த பூச்சிக்காரி.

"நீ சமாளிச்சதாலதான்டி சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, பாட்டிலோடு அவளுக்கு மேலே போய்த் தண்ணீரில் இறங்கினாள்.