நாற்பத்தோராவது காசு

ஒதியம்பட்டில் பிறந்து அதே ஊரில் சாம்பலான எங்கள் அண்ணன் அவர்களைப் பற்றி, அவருடைய ஒரே தங்கை எழுதுகிறேன். ஓராண்டு ஆகிவிட்டது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும்.

அப்பா காலமானபோது அண்ணன் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தார். அதோடு படிப்பை விட்டுச் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். போல்ட்டுகளை அளந்து, சரியில்லாததை ஒதுக்குகிற வேலை. என்னைப் படிக்க வைத்தார், கட்டிக்கொடுத்தார். தமக்கென்று கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "இப்ப இன்னா அவசரம்?" என்பார். ஐம்பத்திரண்டு வயதிலும் அதையே சொன்னார்.

அவருக்கு இருந்த பித்து ஒன்றுதான். மழை வெள்ளம் வடிந்ததும் சங்கராபரணி ஆற்று மணலில் கிடைக்கிற ரோமாபுரிக் காசுகள். அந்த ராஜ்யத்தின் கடைசிக் காலத்து வெண்கலம், சுண்டுவிரல் நகம் அளவு, பச்சை பூத்துத் தேய்ந்திருக்கும். எனக்கு எல்லாம் கருகின வடகம் மாதிரிதான் தெரியும்.

"ராஜா மூஞ்சிதான் இருக்குதே, அத வெச்சு கண்டுபுடிக்க வேண்டிதுதானண்ணா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மூஞ்ச பாத்து ஏமாறாத. எல்லா ராஜாவும் ஒரே மாரிதான் முத்துப் பட்டம் கட்டினு இருப்பான். திருப்பிப் பாரு. ரெண்டு சிப்பாய் நிக்கிறானா? நடுவுல ஒரு கொடியா, ரெண்டு கொடியா? அடியில இன்னா எழுத்து? அதான் சொல்லும்."

நீள நோட்டில் கட்டம் போட்டு வைத்திருந்தார்: அளவு, எடை, முகம், முதுகு, ராஜா பெயர், இருக்கும் இடம். நாற்பது காசுக்குப் பெயர் எழுதியாகிவிட்டது. நாற்பத்தோராவது மட்டும் நான்கு வருடமாகப் பிடி கொடுக்கவில்லை. கடைசியாக நான் போயிருந்தபோது, "அடியில ரெண்டு எழுத்து தெரியுது. ஞாயித்துக்கெழம உக்காந்தா முடிஞ்சிடும்" என்றார். வெள்ளிக்கிழமை கம்பெனியிலேயே நெஞ்சுவலி வந்து போய்விட்டார்.

அண்ணனைக் குளிப்பாட்டிக் கிடத்தியதும் பெரியம்மா, "நெத்தியில வெக்க ஒரு காசு குடும்மா" என்றார். கூடியிருந்த யாரிடமும் காசு இல்லை. எல்லோரும் போனில் பணம் அனுப்புகிறவர்கள். அண்ணனின் மேசையில், பூதக்கண்ணாடிக்கு அடியில் ஒன்று இருந்தது. எடுத்துவந்து சந்தனம் குழைத்து நானே ஒட்டினேன். ராஜா முகம் மேலே தெரிய வைத்தேன். திருப்பிப் பார்க்கவில்லை.

காரியம் முடிந்து நோட்டைத் திறந்தபோதுதான் தெரிந்தது. அண்ணன் காசு போட்டு வைக்கிற டப்பாவில் நாற்பதுதான் இருந்தன. சுடுகாட்டுக்குப் போன சித்தப்பாவிடம் கேட்டேன்.

"காசா? யார்மா அத பாத்தா? எல்லாம் ஆத்துல கரைச்சாச்சு."

நான் செய்த தவறு இது. அண்ணனின் வேலையை நானே முடிக்கவிடாமல் செய்துவிட்டேன். உறவினர்கள் அறியட்டும் என்றே எழுதுகிறேன்.

அன்று ஐஸ் பெட்டிக்கு ஓடியவர்கள், மூன்று நாளும் சமைத்து அனுப்பிய பக்கத்து வீட்டார், தவளக்குப்பத்திலிருந்து வந்த சொந்தங்கள், ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்த கம்பெனித் தோழர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது.

போன வாரம் அந்த நோட்டில் நாற்பத்தோராவது வரிசையை நிரப்பினேன். ராஜா பெயர் தெரியாததால் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டேன். இருக்கும் இடம் என்ற கட்டத்தில் எழுதினேன்: அண்ணன் நெற்றி.