ஈரத்துக்குக் கழிவு

"ஒனக்கு எதுக்குடி அந்தக் கதையெல்லாம்? போ, போயி வேலையப் பாரு. கெழவி வாயக் கிளறி என்னா எடுக்கப் போற?"

இப்படித்தான் என் பேத்தியை விரட்டினேன். அவள் போகவில்லை. பிளேன்டீயை ஊற்றி, ஆவி பறக்கத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள். அந்தக் காலத்தில் நான் கடைக்கு வேலை கேட்டுப் போன கதையைச் சொன்னால்தான் தருவாளாம். நாளைக்கு அவளும் நுவரெலியாவில் ஒரு துணிக்கடைக்கு வேலை கேட்டுப் போகிறாள். அதற்கு என் கதை எதற்கு? அதைக் கேட்டால் கிடைக்கிற வேலையும் கிடைக்காமல் போகும். சொன்னேன், கேட்கவில்லை. டீ ஆறுகிறது. சரி, தொலையட்டும்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். எழுதுகிறவள் அவள்தான். என் பேச்சை வெளுத்து மடித்துப் புத்தகத் தமிழாக அடுக்குகிறாள். எங்கேயாவது அழுக்கு ஒட்டியிருந்தால் அது என்னுடையது.

அப்போது எனக்குப் பதினாறு நடந்துகொண்டிருந்தது. ராகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். அந்த வயது வந்த பிள்ளைகளுக்குத் தோட்டத்து ஆபீசில் பேர் பதிந்துவிடுவார்கள். பேர் பதிந்தால் விடியும் முன்னே, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் வரிசையில் நிற்க வேண்டும். மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா சும்மா நின்று பார்க்க, கங்காணி கைகாட்டுகிற மலைக்குக் கூடையோடு ஏற வேண்டும். ஏறுகிறவள் குமரி, இறங்குகிறவள் கிழவி. எனக்கான புதுக் கூடையை அம்மா வாங்கி, லயத்து வரிசையில் நாங்கள் குடியிருந்த காம்பராச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டாள். படுத்தாலும் எழுந்தாலும் அந்தக் கூடைதான் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்க்கும்.

எனக்கோ கால் ஓரிடத்தில் நிற்காது. "இவள சக்கரத்தக் கட்டியா பெத்தேன்?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். தண்ணீருக்குப் போனால் குடத்தை வைத்துவிட்டு ரோட்டைப் பார்க்க ஓடிவிடுவேன். பஸ் வருகிறதா, அதில் யார் போகிறார்கள், எதைக் கட்டிக்கொண்டு போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கொழுந்து எடுப்பது அப்படியா? ஒரு மலையைக் கொய்து முடிப்பதற்குள் முதலில் கொய்த செடி மறுபடி துளிர்த்து, வாடி மகளே என்று காத்திருக்கும். நினைத்தாலே எனக்கு உள்ளங்கால் அரிக்கும்.

அப்பா தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவர். ஒரு நாள் டவுனுக்குப் போய்வந்து, கையில் இருந்த பையைக் கூட இறக்கி வைக்காமல் சொன்னார். டவுனில் நாங்கள் சாமான் வாங்குகிற கடை முதலாளி ஒரு பொம்பளைப் பிள்ளையைத் தேடுகிறாராம். வளையல், ரிப்பன், ரவிக்கைத் துணியெல்லாம் ஆம்பளையிடம் கேட்கப் பெண்கள் கூச்சப்படுகிறார்களாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வளையல் தூசி படிந்து கிடக்கிறதாம்.

"கடையில பொம்பளப் புள்ளயா? நாலு பேரு என்னா சொல்லுவாங்க?" என்றாள் அம்மா.

"அந்த நாலு பேரும் அங்கதான சாமான் வாங்குறாங்க? அவங்கள இவளே பாத்துக்குவா."

கடைசியில் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடம் கூட்டிப் போவது. அவர் சரியென்றால் கடை. இல்லையென்றால் திங்கட்கிழமை ஆபீசில் பேரைப் பதிந்து கூடையை மாட்டிவிடுவது. அன்றிலிருந்து நான் இருக்கிற இடத்தில் இல்லை. ரொட்டி தட்டினால் கருகியது. தம்பியைக் குளிப்பாட்டினால் ஒரு காதைக் கழுவி, மறு காதை மறந்தேன்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேண்டியிருக்கும்.

எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுப்பதைச் சின்னதிலிருந்தே பார்த்து வளர்ந்தவள் நான். அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நிறுவை முடியும் வரை அங்கேயே நிற்பேன். தராசில் கூடையைத் தொங்கவிட்டதும் கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்ப்பார். பிறகு கோயில் மணி மாதிரி ஒரு குரல் எடுப்பார்: "கூடைக்குக் கழிவு! ஈரத்துக்குக் கழிவு!" கழித்தது போக மிச்சம்தான் அம்மாவின் கணக்கு. மழை நாளில் ஈரம் இருக்கும், சரி. வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் ஈரத்துக்குக் கழிப்பார். "இன்னைக்கு ஏதுங்க ஈரம்? எங்க வேர்வைங்களா?" என்று ஒருமுறை அம்மா கேட்டாள். அதற்குச் சேர்த்தும் கொஞ்சம் கழித்தார்.

நான் அதைப் பார்த்துப் பார்த்து என்ன நினைத்துவிட்டேன் என்றால், தராசு என்று ஒன்று இருந்தால் கழிவு என்று ஒன்று இருக்கும் என்றுதான். நெருப்புக்குப் புகை மாதிரி.

ஞாயிறு வந்தது. சம்பளம் போட்ட மறுநாள். அத்தை மகளின் ஊதாத் தாவணியைக் கெஞ்சி வாங்கிக் கட்டிக்கொண்டேன். காலையிலிருந்து பிசுபிசுவென்று மழை. ரோட்டு வழியாகப் போனால் நேரமாகும் என்று அப்பா தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் இறங்கினார். எனக்கும் அவசரம், பின்னாலேயே ஓடினேன். அந்த அவசரத்தில் எங்களோடு மூன்றாவதாக ஒரு ஆள் சேர்ந்துகொண்டதை நான் கவனிக்கவில்லை. கடை வாசலில் போய் நின்ற பிறகுதான், கால் விரலிடுக்கில் ஜில்லென்று தெரிந்தது. அட்டை.

கடை முழுக்கப் பெண்கள். நாலைந்து தோட்டத்துச் சனம், கையில் நனைந்த பைகளோடு நின்றது. முதலாளி தராசுக்குப் பின்னால் நின்று நிறுத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுவா புள்ள? எதுவரைக்கும் படிச்சிருக்க?"

"மூணாம் வகுப்புங்க மொதலாளி."

"கணக்கு வருமா?"

"வருமுங்க." அட்டை உள்ளே இறங்கி நன்றாகக் குடிக்க ஆரம்பித்திருந்தது. குனிந்து பிடுங்கினால் மரியாதையில்லை. ஒரு காலால் மறு காலைத் தேய்த்தேன்.

"சிங்களம் தெரியுமா? நாட்டு ஆளுங்களும் வருவாங்க."

"எபா, ஹொந்தாய். ரெண்டும் தெரியுமுங்க." எபா என்றால் வேண்டாம், ஹொந்தாய் என்றால் நல்லது.

"அவ்வளவுதானா?"

"வேண்டாம்பாங்க, இல்லாட்டி நல்லதும்பாங்க. கடையில வேற என்னாங்க மொதலாளி பேசப் போறாங்க?"

அப்பா பின்னாலிருந்து என் முழங்கையைக் கிள்ளினார். முதலாளியின் மீசை லேசாக அசைந்தது. அது சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. உள்ளே திரைக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அதென்னா நின்ன எடத்துல டான்ஸ் ஆடுற?"

"குளிருங்க."

"பொய் சொல்லுவியா?"

இன்னும் சரியாகப் பழகவில்லை என்று வாய்வரை வந்தது. முழங்கை ஞாபகம் வந்து விழுங்கிவிட்டேன். "இல்லீங்க," என்றேன். அதுவும் பொய்தானே.

முதலாளிக்கு வேலை நெருக்கியது. "சரி, இப்பிடி உள்ள வா. இந்த அம்மாவுக்கு ரெண்டு றாத்தல் பம்பாய் வெங்காயம் நிறுத்துப் போடு, கை எப்பிடின்னு பாப்போம்," என்று சொல்லிவிட்டு, மேல் தட்டிலிருந்து எதையோ எடுக்க ஏணியில் ஏறினார்.

அந்த அம்மா வேறு தோட்டத்துக்காரி. கறுப்பாக, உயரமாக, மூக்குத்தி போட்டிருந்தாள். தண்ணீர் சொட்டச் சொட்டப் பையை என்னிடம் நீட்டினாள். நான் பையைத் தராசுத் தட்டில் வைத்தேன். மறு தட்டில் படிக்கல்லை வைத்தேன். வெங்காயத்தை அள்ளி அள்ளிப் போட்டேன். முள் நேராக வந்து நின்றது. ஆகா, கூடை தப்பித்தது என்று மனது துள்ளியது. அந்தத் துள்ளலில் மூச்சை இழுத்து, எங்கள் கணக்கப்பிள்ளையின் குரலிலேயே கூவினேன்:

"பைக்குக் கழிவு!" இரண்டு கையாலும் அள்ளிப் பையில் போட்டேன். "ஈரத்துக்குக் கழிவு!" இன்னொரு அள்ளு.

மூக்குத்திக்காரி பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஏணி மேலே நிற்கிற முதலாளியைப் பார்த்தாள். சட்டென்று பையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அடி ஆத்தே! இத்தன வருசமா எங்கிட்ட கழிச்சதெல்லாம் இன்னைக்குத்தான்டி திரும்பி வருது!"

அவ்வளவுதான், கடை சிரிப்பில் இடிந்து விழுந்தது. "எனக்கும் கழிச்சுப் போடு தங்கச்சி!" "நான்தான் மொதல்ல வந்தேன், எனக்குக் கழி!" என்று ஆளாளுக்குப் பையை நீட்டினார்கள். ஒருத்தி வெளியே ஓடி, கூரைத் தண்ணீர் கொட்டுகிற இடத்தில் காய்ந்த பையைப் பிடித்து நனைத்துக்கொண்டு வந்தாள். "என் பைய பாரு, இது ரொம்ப ஈரம்!"

முதலாளி ஏணியிலிருந்து இறங்கினாரா, விழுந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"என்னா புள்ள செய்யிற?"

"கழிவுங்க மொதலாளி."

"யாரு ஒன்னக் கழிக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லணுமாங்க? குடுக்குறவுங்களுக்குத்தானே கழிவு? மலையில நாங்க குடுக்குறோம், எங்களுக்குக் கழிக்கிறாங்க. இங்க நீங்க குடுக்குறீங்க..."

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சத்தியமாக அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்ததும் அது அவருக்கும் புரிந்தது. அதனாலேயே அவருக்கு இன்னும் கோபம் ஏறியது. என்னை விட்டுவிட்டு மூக்குத்திக்காரியிடம் திரும்பினார்.

"அந்த வெங்காயத்த இப்பிடி எடு."

"நல்லா இருக்கே! நிறுத்துக் கொட்டுன கொழுந்த எங்க தோட்டத்துல திருப்பித் தாராங்களா மொதலாளி?" என்று சொல்லிக்கொண்டே அவள் வாசல்வரை போய்விட்டாள். ஆனால் வேடிக்கையை விட்டுப் போக மனமில்லாமல் அங்கேயே நின்றாள்.

முதலாளி அப்பாவைப் பார்த்தார். "ஒங்க மகள வச்சா அடுத்த சம்பளத்துக்குள்ள நான் கடைய மூடிட்டு ஒங்க தோட்டத்துக்கு வரணும், பேரு பதிய. கூட்டிக்கிட்டுப் போங்க."

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் முறுக்கினார். "கணக்கப்புள்ளய பாத்துப் பழகிட்டா மொதலாளி. வெவரம் தெரியாத புள்ள," என்றார். அவர் குரல் அப்படித் தாழ்ந்து நான் கேட்டதில்லை. எனக்குச் சுவரில் மாட்டிய கூடைதான் தெரிந்தது. நாளைக்குக் காலையில் அந்தக் கூடையின் கயிறு என் தலையில் ஏறும். ஏறினால் இறங்காது. காலையிலிருந்து நிற்காமல் ஆடிய கால் அப்போதுதான் முதல் தடவையாக அசையாமல் நின்றது. வயிறு நிறைந்த அட்டையும் அந்த நேரம் பார்த்துத் தொப்பென்று கடைத் தரையில் விழுந்தது. பின்னாலேயே ரத்தம், கோலம் போட்ட மாதிரி ஓடியது.

"ஐயோ, புள்ளைக்கு ரத்தம்!" என்று திரையை விலக்கிக்கொண்டு முதலாளியம்மா வந்தார். சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. ஒரு துண்டுத் துணியை என்னிடம் போட்டு, "கட்டு," என்றார். பிறகு முதலாளியிடம் குரலைத் தாழ்த்தினார், எல்லாருக்கும் கேட்கும்படியாகத்தான்.

"இத்தன வருசமா இந்தப் பொம்பளைங்க இங்க வாராங்க. சாமானச் சொல்லுவாங்க, வாங்குவாங்க, தலையக் குனிஞ்சிக்கிட்டுப் போவாங்க. இன்னைக்குப் பாருங்க, ஒருத்தியாச்சும் வெளிய போறாளா?"

முதலாளி பார்த்தார். யாரும் போகவில்லை. ஈரப் பையோடு நின்றவள், வளையல் பெட்டியின் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பச்சை வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம கை நட்டப்படுமே!"

"வளையல் பக்கம் விடுங்க. அத நிறுத்தா விக்கிறோம்?"

முதலாளி வெகுநேரம் மீசையைத் தடவினார். கடைசியில் விரலை நீட்டி, வளையல் பெட்டிக்கும் தராசுக்கும் நடுவில் காற்றிலேயே ஒரு கோடு கிழித்தார்.

"நாளைக்குக் காலையில வந்துரு. ஆனா இந்தக் கோட்டத் தாண்டக் கூடாது. தராசு மேல ஒன் நெழலு கூட விழக் கூடாது, தெரிஞ்சதா?"

"ஹொந்தாய்," என்றேன்.

திரும்பும்போது ரோட்டு வழியாகவே வந்தோம். அப்பா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். எங்கள் தோட்டத்து வளைவு வந்ததும் நடு ரோட்டில் நின்று, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்து, ஒன்றும் நடக்காதவர் மாதிரி லயத்துக்குள் நுழைந்தார்.

பீலித் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் எங்கள் லயத்துப் பெண்கள் எல்லாரும் குடத்தோடு காத்திருந்தார்கள். தண்ணீருக்கு இல்லை, எனக்குத்தான்.

"என்னாடி, வேல கெடச்சிச்சா? இல்ல, நாளைக்கு எங்களோட மலைக்கா?" என்று கேட்டாள் பக்கத்துக் காம்பரா அக்கா.

வேறு தோட்டத்துக்காரிகள்தானே பார்த்தார்கள், நம் ஆட்கள் யாரும் அங்கே இல்லையே என்று ஒருமுறை மனதுக்குள் எண்ணிப் பார்த்துக்கொண்டேன். தாவணியை இழுத்துச் செருகினேன்.

"கெடச்சிருச்சுக்கா. எனக்குன்னு தனியா எடம் கோடு போட்டுக் குடுத்துட்டாரு மொதலாளி. தராசு, மூட்டையின்னு கனமான வேலையெல்லாம் நான் தொடவே கூடாதாம். கண்டிசனா சொல்லிட்டாரு."

"தொடவே கூடாதா! அப்பிடின்னா என்னாடி செய்வ?"

"கண்டாக்கையா மாதிரி நின்னு பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்," என்றேன்.

அப்பாவுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்துவிட்டது.