அரை லிட்டர் மழை

என் மனைவிக்கு ஊரார் வைத்த பெயர் சைபர் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் அலுவலகப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. பதினான்கு மாதமாக, ஒரு நாள் விடாமல், காலை எட்டரைக்கு நீர்த்தேக்க அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு "மழைமானி, சைபர்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் பின் என்ன பெயர் வைப்பார்கள்?

அங்கே ஃபோன் எடுக்கும் குமாஸ்தாவுக்கு வாய்க்கொழுப்பு அதிகம். "எதுக்குக்கா தினமும் சிரமப்படறீங்க? மாசம் பொறந்ததும் மொத்தமா முப்பது சைபர் சொல்லிடுங்களேன்" என்றான் ஒரு நாள்.

"பெய்யலைன்னும் யாராவது பார்த்துத்தானே சொல்லணும்" என்றாள் இவள். கோபமே இல்லாமல் சொன்னாள். எனக்குத்தான் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கோபப்படுகிற வேலையை எங்கள் வீட்டில் நான்தான் பார்க்கிறேன்.

அவளுக்குக் குடிநீர் பம்ப் ஹவுஸில் மோட்டார் ஓட்டுகிற வேலை. மழை அளப்பது அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் கம்பி வேலி போட்ட சின்ன இடம். நடுவில் சிமெண்ட் மேடை, மேடைமேல் ஓர் உருளை. அதன் வாயில் புனல், புனலுக்கு அடியில் பாட்டில். பாட்டிலில் சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட அளவுக் கண்ணாடியில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று படிக்க வேண்டும். இதைப் பன்னிரண்டு வருஷமாகச் செய்கிறாள். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னை விரட்டினாள். நான் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து "சைபர்" என்றேன். "குனிஞ்சு பார்த்தீங்களா, நின்ன வாக்குல பார்த்தீங்களா?" என்றாள். பிரசவ வலியில் கேட்கிற கேள்வியா இது? நின்ன வாக்கில்தான் பார்த்திருந்தேன். திரும்ப ஓடினேன்.

நான் பால்காரன். பாலில் தண்ணீர் கலக்கிறேன் என்று சொல்லாத வாய் எங்கள் தெருவில் கிடையாது. சத்தியமாகக் கலப்பதில்லை. பண்ணையிலிருந்து வருகிற பாலையே பால்மானி போட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன். அந்தப் பால்மானியால்தான் வினை வந்தது. பதினான்கு மாதம் முன்பு, கடைசி மழை பெய்து ஒரு வாரம் ஆனபோது, பால்மானியை மிதக்கவிடும் என் நெட்டைக் குடுவை விரிசல் விட்டது. இவளுடைய அளவுக் கண்ணாடியும் நெட்டையாகத்தானே இருக்கிறது, ஒரு நாளைக்கு எடுத்தால் குடியா முழுகிவிடும் என்று எடுத்தேன். பால் பிசுக்குக் கை. வழுக்கி விழுந்து நொறுங்கியது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் பம்ப் ஹவுஸில் இருந்தாள். கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி மறைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். நீர்த்தேக்க அலுவலகத்து ஸ்டோர்கீப்பர் என் வாடிக்கைக்காரர். நான் கெஞ்சியதில் அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து, தூசியை ஊதிக் கொடுத்தார். கோடு இருந்தது, எண் இருந்தது. வேறு என்ன வேண்டும் என்று வாங்கி வந்துவிட்டேன்.

பழைய கண்ணாடியில் கோடெல்லாம் தேய்ந்துவிட்டது, புதிது வேண்டும் என்று அவள் அலுவலகத்துக்கு இரண்டு கடிதம் போட்டிருந்தாள். அது எனக்கு வசதியாகப் போயிற்று. "ஆபீஸ்ல கொடுத்தனுப்பினாங்க. பழசை வாங்கி வெச்சுக்கிட்டாங்க" என்றேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "நம்மளையும் ஒரு ஆளா மதிச்சிருக்காங்க பாருங்க" என்று பக்கத்து வீட்டுக்காரிக்கு எடுத்துக் காட்டினாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மென்று விழுங்கினேன்.

அதற்குப் பிறகு மழையே இல்லை. நீர்த்தேக்கத்தில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. இருக்கிற தண்ணீரைக் குடிக்க வைத்துக்கொள்வதா, விதைப்புக்கு விடுவதா என்பதற்கு அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. பருவத்தின் கடைசி நாளுக்குள் எங்கள் மழைமானியில் மொத்தம் ஐம்பது மில்லிமீட்டர் சேர்ந்தால் மண் நனைந்துவிட்டது என்று பொருள், மதகைத் திறப்பார்கள். ஐம்பது சேராவிட்டால் விதைத்தது முளைக்காது, தண்ணீரும் வீண். அந்த வருஷம் விதைப்பு இல்லை என்று நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள். போன வருஷம் ஒட்டினார்கள். இந்த வருஷம் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை.

இவளுடைய தம்பிக்கு மதகிலிருந்து போகும் வாய்க்காலின் கடைக்கோடியில் நிலம். ஒரு வருஷம் தரிசாகப் போட்டதே அவனைப் பாதியாக்கிவிட்டது. வெளியூர் கிடங்கு ஒன்றில் மூட்டை இறக்கும் வேலைக்குச் சேர்வதாகச் சொல்லி, வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டான். அவன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். "மதகு திறந்தா இருக்கேன் மாமா. இல்லேன்னா குழந்தை மூஞ்சியை ஃபோன்லதான் பார்க்கணும்" என்றான் என்னிடம். விதைத்துப் பழகிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பார்க்கச் சகிக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமைதான் செய்தியில் சொன்னார்கள்: கடலில் வலுவில்லாத ஒரு காற்றழுத்தத் தாழ்வு, புயலாக மாறாது, லேசான மழைக்கு வாய்ப்பு. "இதுவும் புஸ்ஸுதான்" என்று தெருவே உதட்டைப் பிதுக்கியது. ஆனால் வலுவில்லாத ஆசாமிகளிடம் ஒரு குணம் உண்டு. வந்து உட்கார்ந்தால் லேசில் எழுந்து போக மாட்டார்கள். செவ்வாய் மத்தியானம் தூற ஆரம்பித்தது. இடியில்லை, காற்றில்லை. மூன்று நாள் விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருந்தது. கூரை மேல் சத்தம் கேட்டதும் மகள் புத்தகத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். நானும்தான் ஓடினேன், சொல்வதில் என்ன வெட்கம்.

புதன் காலை இவள் ஃபோனில், "மழைமானி, ஆறு" என்றாள். அந்தக் குமாஸ்தாவே "ஆறா?" என்று மறுபடி கேட்டுவிட்டுத்தான் எழுதினானாம். வியாழன் பதின்மூன்று. வெள்ளி எட்டு. மொத்தம் இருபத்தேழு. மேகம் வெளுத்து வெயில் எட்டிப் பார்த்தது. ஃபோனை வைத்துவிட்டு அவள் சுவரைப் பார்த்தபடி நின்றாள். "என் வாயாலேயே அவனை ஊரை விட்டு அனுப்பிட்டேன்" என்றாள்.

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. பின்பக்கம் போனேன். மழைக்கு முன்பு அங்கே வெட்டவெளியில் காயவைத்த என் தகரப் பாத்திரம் ஒன்று மறந்துபோய்க் கிடந்தது. அகலமான, நேர்ச்சுவர்ப் பாத்திரம். கவிழ்க்கப் போனவன், தண்ணீர் நிற்கிற உயரத்தைப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். "இந்தா, உன் மானியை விட என் பாத்திரத்துக்கு ராசி அதிகம் போல" என்று கிண்டலாகத்தான் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. மகளின் ஸ்கேலை எடுத்து வந்து நட்டு வைத்துப் பார்த்தாள். ஐந்தரை சென்டிமீட்டர். அதாவது ஐம்பத்தைந்து மில்லிமீட்டர். இருபத்தேழுக்கு இரண்டு மடங்கு. உள்ளே போய் அளவுக் கண்ணாடியைக் கொண்டுவந்து அடிப்பாகத்தை வெளிச்சத்தில் திருப்பினாள். பொடி எழுத்தில் இருநூறு என்று இருந்தது. மானியின் விளிம்பில் நூறு என்று இருந்தது.

"இந்த எண் மானி வாயோட பரப்பளவு. இது பெரிய வாய் மானியோட கண்ணாடி. நம்ம மானிக்குப் பாதிதான் காட்டும்" என்றாள். "இதைக்கூடப் பார்க்காம எப்படிக் கொடுத்தனுப்புவாங்க? இப்பவே ஃபோன் போட்டுக் கேட்கறேன்."

பதினான்கு மாதம் அந்தக் குட்டு வெளிப்படாமல் இருந்ததற்குக் காரணம் ஒன்றுதான். சைபரை எந்தக் கண்ணாடியில் அளந்தாலும் சைபர். இப்போது மழை வந்து என்னை மாட்டிவிட்டது.

"ஃபோன் போடாதே" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பால் பிசுக்கு, ஸ்டோர்கீப்பர், பொய். அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். அவளோ கண்ணாடியைத் துணியில் சுற்றிக்கொண்டே, "ஆபீஸ்ல மதிச்சுக் கொடுத்தாங்கன்னு நான் ஊரெல்லாம் காட்டினேன்" என்றாள்.

ஜன்னலோரம் மூன்று பாட்டில்கள் இருந்தன. என் பால் பாட்டில்கள்தான். ஒவ்வொரு நாளும் அளந்த தண்ணீரைக் கீழே கொட்ட மனசு வராமல், தேதி எழுதி ஒட்டி மூடி வைத்திருந்தாள். புதன்கிழமைதான் அதற்காக அவளோடு சண்டை போட்டிருந்தேன். பதினான்கு மாதம் கழித்து வந்த தண்ணீரைக் கொட்டச் சொல்கிறீர்களா என்று கேட்டிருந்தாள். இப்போது அவற்றைப் பையில் போட்டாள். புனலையும் கழற்றி வைத்துக்கொண்டாள். நான் பால் ஊற்றும் என் அரை லிட்டர் அளவுக் குவளையை எடுத்துக்கொண்டேன். சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். வழக்கமாக என் தோளைப் பிடித்துக்கொள்பவள் அன்று கேரியரைப் பிடித்துக்கொண்டாள்.

குமாஸ்தா நோட்டீஸை அடித்து மேஜைமேல் வைத்திருந்தான், ஒட்டுவதுதான் பாக்கி. விஷயத்தைக் கேட்டதும், "காலையில இருபத்தேழு, பத்தரை மணிக்கு ஐம்பத்து நாலா? தம்பி டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டாராக்கா?" என்றான்.

அவள் முகம் செத்துப்போயிற்று. பன்னிரண்டு வருஷத்தில் அவள் கணக்கை யாரும் சந்தேகப்பட்டதில்லை. இனி மதகு திறந்தாலும் தம்பிக்காகக் கூட்டிச் சொன்னவள் என்றுதான் பேசுவார்கள். நான் இன்ஜினியர் மேஜைக்கு நேராகப் போனேன். "சார், கண்ணாடியை உடைச்சவன் நான். மாத்தி வெச்சவனும் நான். அவளுக்கு இன்னைக்குக் காலையிலதான் தெரியும்" என்றேன். ஸ்டோர்கீப்பரைக் கூப்பிட்டார்கள். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். சரியான கண்ணாடி ஸ்டோரில் ஒன்றுகூட இல்லை என்றும் சொன்னார்.

இன்ஜினியர் புனலின் வாயை டேப் வைத்து அளந்தார். தாளில் கணக்குப் போட்டார். "இந்த வாய்க்கு ஒரு மில்லிமீட்டர்னா பத்து மில்லி தண்ணி. ஐம்பதுன்னா அரை லிட்டர். ரொம்பச் சரி" என்றவர், என் கையில் இருந்த அளவைப் பார்த்தார். அதிலிருந்த அரசாங்க முத்திரையைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கட்டின பொண்டாட்டிகிட்டயே ஒரு வருஷம் பொய் சொன்ன ஆளு நீங்க. உங்க அளவை நான் எப்படி நம்பறது?"

பின்னாலிருந்து அவள்தான் சொன்னாள்: "பேச்சுல ஏமாத்துவாரு சார். அளவுல ஏமாத்த மாட்டாரு."

ஏச்சா பாராட்டா என்று எனக்கு இன்று வரை தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது. பால்காரனாக இருபது வருஷம் ஊரில் இதைக் கேட்கத்தான் நான் காத்திருந்தேன் போலிருக்கிறது.

அளவை மேஜைமேல் வைத்தார்கள். அவளே ஊற்றினாள். புதன்கிழமை பாட்டில் அடியை மறைத்தது. வியாழக்கிழமை முக்கால்வாசிக்கு ஏற்றியது. வெள்ளிக்கிழமைப் பாட்டிலைச் சரிக்கும்போது குமாஸ்தாகூட எழுந்து வந்து நின்றான். அவள் குனிந்து, கண்ணை விளிம்புக்கு நேராக வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். தண்ணீர் விளிம்பைத் தொட்டது. பாட்டிலில் இன்னும் இருந்தது. அதையும் ஊற்றினாள். வழிந்து மேஜையில் ஓடி, அடித்து வைத்த நோட்டீஸை நனைத்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

"பதிவேட்டுல திருத்தி எழுதுங்கம்மா. காரணமும் எழுதணும்" என்றார் இன்ஜினியர். அவள் எழுதியதை எட்டிப் பார்த்தேன். "அளவுக் கண்ணாடியை என் கணவர் உடைத்து, வேறு கண்ணாடி வைத்தது எனக்குத் தெரியாததால்" என்று முத்து முத்தாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தாள். அது அங்கேயே இருக்கும். யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம்.

நாலு மணிக்கு மதகு திறக்கும் சங்கு ஊதியது. தம்பி பஸ் நிலையத்திலிருந்து பையோடு நேரே வயலுக்குப் போனானாம். அவன் மனைவி ஃபோன் போட்டு அழுதாள். இவளும் அழுதாள். என்னோடு மட்டும் பேசவில்லை. சனிக்கிழமை சாப்பாட்டைத் தட்டில் போட்டுவிட்டு மகளிடம், "உங்கப்பாவைச் சாப்பிடச் சொல்லு" என்றாள். ஞாயிறும் அப்படியே.

திங்கள் அதிகாலை மறுபடி தூறியது. போகிற போக்கில் அந்தச் சோம்பேறித் தாழ்வு மிச்சத்தையும் கொட்டிவிட்டுப் போனது. பால் ஊற்றிவிட்டு வந்து வாசலில் சைக்கிளை நிறுத்தினேன். புதுக் கண்ணாடி கேட்டு வெள்ளிக்கிழமை அவள் கொடுத்த மூன்றாவது கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. வேலிக்குள் மானி பக்கத்தில் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"எட்டரை ஆச்சு. உங்க அளவை எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள். "கையைக் கழுவிட்டு வாங்க."